கல்ராஜா கோட்டையில் ஒரு அமாவாசை

சயாமுக்குப் போயே தீருவது என்று நான் சபதம் எடுத்தேன்.

சபதம் எடுப்பது எனக்குப் புதிதல்ல. கல்யாணமான எட்டு வருஷத்தில் நாற்பது சபதமாவது எடுத்திருப்பேன். எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்தவை. ஒரு தட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும் உள்ளே இறங்கியதும் கரைந்து போய்விடும். இந்தச் சபதம் மட்டும் கரையவில்லை. காரணம், அப்போது சோறே கிடையாது.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. கெடா ராஜ்யத்தில், பீடோங்கிலிருந்து ஒன்பதாங்கட்டையில், அதாவது ஒன்பதாவது மைலில், எங்கள் ரப்பர்த் தோட்டம். காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் சுட்ட மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி மரவள்ளி மாவுக் களி. தீபாவளி வந்தால் மரவள்ளி இலைப் பொரியல் கூடுதல். பாசார்க் கடை வாசலில் சிந்திக் கிடந்த இரண்டு அரிசியைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் நான்கு வயது மகள் அழகம்மாவிடம் காட்டினேன். "எறும்பு முட்ட!" என்று கத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். பெற்ற பிள்ளைக்கு அரிசி இன்னதென்று காட்ட முடியாதவன் என்ன அப்பன்?

அடுத்த நாளே பெரட்டில் வழி பிறந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் நடராஜா ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். வடக்கே சயாம் தேசத்தில் ரயில் ரோடு போடுகிறார்கள். இஷ்டப்பட்டவர்கள் போகலாம். மூன்றே மாதம். ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு சிலுவார், அதாவது கால்சட்டை. தினமும் அரிசிச் சோறு. வீட்டுக்கும் அரிசி.

'அரிசி'க்குப் பிறகு அவர் வாசித்தது எதுவும் என் காதில் விழவில்லை. முதல் கை என்னுடையது. "பரஞ்சோதி!" என்று நானே என் பேரைக் கூவினேன். எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கூவினார்கள். பத்தில் ஒருவன் என் பக்கத்து வீட்டு முருகையா.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி புஷ்பவள்ளி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"புஷ்பம், பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"சயாமுக்கு."

கத்தி நிற்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"பெரட்டுல கேட்டாங்க, குடுத்தேன். மூணே மாசம்."

"லூனாஸ்ல எங்க சித்தப்பா மவன் முனியாண்டிக்கும் மூணே மாசம்னுதான் சொன்னாங்க. போயி ஏழு மாசம் ஆச்சு. வந்தானா?"

"சோறு நல்லா இருந்தா எவன் வருவான்?"

"ஒரு கடுதாசி?"

"அவனுக்கு எழுதத் தெரியாதே."

"கூடப் போன இருவது பேருல ஒருத்தனுக்குமா எழுதத் தெரியாது?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் ஆண்பிள்ளை உருப்பட முடியாது. எழுந்து வெளியே போனேன். அதுதான் என்னுடைய வழக்கமான பதில்.

அவள் அழவில்லை. சட்டியை உடைக்கவில்லை. போகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று செய்தாள். மறுநாள் காலையில் நான் பால் வெட்டப் போக வாளியையும் வெட்டுக்கத்தியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எட்டு வருஷமாக அந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். "போயிட்டு வாங்க" என்று. அன்றைக்கு வரவில்லை.

"புஷ்பம், நான் கெளம்புறேன்."

"ம்."

"கெளம்புறேன்னு சொன்னேன்."

"காதுல விழுந்துச்சு."

உங்களுக்குத் தெரியாததா? நம்மில் யாரும் 'போ' என்று சொல்லி ஆளை அனுப்புவதில்லை. போகிறவன் திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான் 'போயிட்டு வா' என்கிறோம். ரப்பர்க் காட்டுக்குள் பாம்பும் தேளும் இருக்கின்றன. காலை வெட்டுக்குப் போகிறவனுக்கே அந்தச் சொல் வேண்டும் என்றால், சயாமுக்குப் போகிறவனுக்கு வேண்டாமா? நான் வீரன்தான். ஆனால் சகுனம் பார்க்கிற வீரன். அவள் வாயால் அது வராமல், ஆள் ஏற்ற வருகிற லோரியில் கால் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஐந்து நாள் கெஞ்சினேன். மிரட்டினேன். பட்டினி கிடந்தேன். கிழங்கு மிச்சமாயிற்று என்று பட்டினியைப் பாராட்டினாள். தண்ணீர்க் குழாயடியில் முருகையாவைப் பிடித்தேன்.

"ராக்காயி உனக்குச் சொல்லிட்டாளா?"

"எது?"

"அதான், போயிட்டு வாங்கன்னு."

"கேட்ட ஒடனே சொல்லிட்டா அண்ணே. சிரிச்சிக்கிட்டே சொன்னா. கட்டிக்கிட்டுப் போறதுக்கு வேட்டியத் தொவச்சித் தர்றேன்னுகூடச் சொல்லியிருக்கா." முருகையா நெஞ்சை நிமிர்த்தினான். "வீட்டுல ஆம்பளன்னு ஒருத்தன் இருந்தா பொம்பள ஏன் சொல்ல மாட்டா?"

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் கல்ராஜா கோட்டை ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் தோட்டத்திலிருந்து கடல் ஏழு கட்டை. அங்கே கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைத் திட்டு. அதன்மேல் பாழடைந்த கோட்டை ஒன்று நிற்கிறது. அதற்குள் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பெரிய கல். எங்கள் லயன் வீடுகளில் அதைப் பற்றி ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த ராஜா ஒருவன் அங்கே கோட்டை கட்டி ஆண்டானாம். பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாதவனாம். எதிரிக் கப்பல் வந்தபோது, "போகாதீங்க, உக்காந்து சாப்பிடுங்க" என்று ராணி சொன்னாளாம். அவனும் உட்கார்ந்தானாம். ராஜ்யம் போயிற்று. அந்த வெட்கத்தில் அப்படியே கல்லாகிவிட்டானாம்.

இதைவிட எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? புஷ்பவள்ளியை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்துவேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டவனுடைய கதியைப் பார் என்பேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்வாள்.

"புஷ்பம், கோட்ட பாக்கப் போலாமா?" என்றேன்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"நானே கேக்கணும்னு இருந்தேங்க. அந்தக் கோட்டைல வெச்சு மனசார உங்களுக்குச் சொல்லிடுறேன். அமாவாசையன்னைக்குப் போவோம்."

"அமாவாசைக்குத்தானே லோரி வருது?"

"நாலு மணிக்குத்தானே வருது? காலைலயே போனா மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம். தூரதேசம் போறவரு. கடலோரமா நின்னு உங்க அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சிட்டுப் போனா நல்லதுங்க. அதுக்கு அமாவாசதான் உசிதம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முணுமுணுத்தவள் இவள். எட்டு வருஷம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அமாவாசை வந்தது. அழகம்மாவை ராக்காயியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கடையில் டயர் கிடைக்காத காலம். ரப்பர் ஷீட்டைச் சுருட்டிச் சுற்றி நானே டயர் செய்திருந்தேன். காற்று கிடையாது, ஒரே கட்டி. ஒவ்வொரு கல்லிலும் சைக்கிள் ஒரு முழம் எகிறும். பின்னால் புஷ்பவள்ளி, அவள் மடியில் ஒரு பெரிய மூட்டை.

"என்ன மூட்ட?"

"எள்ளு."

"எள்ளு இவ்ளோவா?"

"உங்க அப்பா நல்லாச் சாப்பிடுவாரு. மறந்துட்டீங்களா?"

வழியில் ஜப்பான் காவல் சாவடி. இறங்கி, இடுப்பை மடித்துக் குனிந்து வணக்கம் சொல்லவேண்டும். சரியாகக் குனியாதவனுக்குக் கன்னத்தில் விழும். நான் தரையில் மூக்குப் படுகிற மாதிரி குனிந்தேன். சாவடி கண்ணுக்கு மறைந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இடுப்பு நல்லாத்தாங்க இருக்கு. அடுப்புக்கு வெறகு எடுக்கச் சொன்னாத்தான் வலிக்குது."

கடற்கரைக் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்கு, வந்து சேர்ந்தோம். அங்கே ஷம்சியாவின் வீடு. வாரம் ஒருமுறை எங்கள் லயனுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து மரவள்ளிக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டு போகிற மலாய்க்காரி. எங்கள் பெண்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவாள். சைக்கிளை அவள் வீட்டில் சாத்தினேன். அவளும் புஷ்பவள்ளியும் தலையோடு தலை சேர்த்து மலாயில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னுடைய மலாய் பாசாரில் கத்தி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

கரைக்கும் கோட்டைக்கும் நடுவே கால் கட்டை தூரம் இருக்கும். தண்ணீரே இல்லை. சேறும் மணலுமாக ஒரு பாதை நீண்டு கிடந்தது. நண்டுகள் இரண்டு பக்கமும் ஓடி ஒளிந்தன. நான் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். ராஜா மாதிரி இருந்தது.

கோட்டை என்றால் பாதிக் கோட்டைதான். மூன்று சுவர் நின்றது, நாலாவதை ஆலமர வேர் பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் துருப்பிடித்த பீரங்கி ஒன்று; அதன் வாய்க்குள் நண்டு குடித்தனம். நடுவிலே அவர் உட்கார்ந்திருந்தார். கல்ராஜா. கூன் முதுகு, தொங்கின தலை, மடியிலே தட்டு மாதிரி ஒரு பள்ளம். பார்க்கவே பாவமாக இருந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தேன். ராஜாவைச் சொன்னேன், ராணியைச் சொன்னேன், எதிரிக் கப்பலைச் சொன்னேன். கடைசியில் கையை நீட்டினேன்.

"பாத்துக்க! பொண்டாட்டி பேச்சக் கேட்டு வீட்டுல உக்காந்தவன் கெதி!"

புஷ்பவள்ளி கல்லைச் சுற்றி வந்தாள்.

"கத தப்புங்க."

"என்ன தப்பு?"

"ராணி போவாதீங்கன்னுதான் சொன்னா. இவரு கேக்கல. கப்பல் ஏறிப் போயிட்டாரு. எல்லாத்தையும் தோத்துட்டு, கோவணத்தோட திரும்பி வந்தாரு. வாசல்ல நின்னு பேந்தப் பேந்த முழிச்சாரு. ராணி 'உக்காரு'ன்னா. உக்காந்தாரு. அவ இன்னும் எந்திரிக்கச் சொல்லல."

"இந்தக் கத யார் சொன்னது?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியலியா?"

கல்லின் மூஞ்சியைப் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு அது கொஞ்சம் அப்படித்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, கத எப்படியோ இருக்கட்டும். வந்த காரியம் முடியட்டும். சொல்லு, கெளம்பலாம்."

"இருங்க, அப்பாவுக்கு எள்ளு எறைக்கணுமே."

எள் இறைத்தோம். அவள் முந்தானை முடிச்சில் ஒரு சிட்டிகைதான் இருந்தது. பிறகு கிணற்றைப் பார்க்கவேண்டும் என்றாள். பார்த்தோம். பீரங்கி எப்படி வெடிக்கும் என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் விளக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பீரங்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே அரை மணி நேரம் விளக்கினேன். ராணி குளித்த இடம் எது என்றாள். ஒரு குட்டையைக் காட்டினேன். யானை கட்டிய இடம் எது என்றாள். இரண்டு இடம் காட்டினேன். நான் சொல்லச் சொல்ல அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்படியாங்க!" என்றாள். இப்படி ஒரு பெண்டாட்டியை விட்டுவிட்டுச் சயாமுக்குப் போகவேண்டியிருக்கிறதே என்றுகூட எனக்குத் தோன்றியது.

சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான். அதையும் கணக்குப் பண்ணிப் பார்த்தேன். இப்போது புறப்பட்டால்தான் லோரிக்குச் சரியாக இருக்கும்.

"போதும் புஷ்பம். நட."

கோட்டை வாசலுக்கு வந்து கையை வீசி ஓர் எட்டு வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"புஷ்பம்! வழி எங்க?"

"எந்த வழி?"

"நாம வந்த வழி!"

"அங்கதாங்க இருக்கும். மேல கொஞ்சம் தண்ணி நிக்குது."

கொஞ்சமா? கரை எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. நடுவில் முழுக்கக் கடல். பீரங்கி வாயிலிருந்த நண்டு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போயிற்று.

நான் விடவில்லை. ஆண்பிள்ளை ஒரு முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால். இன்னும் நாலு எட்டு, இடுப்பு. இன்னும் இரண்டு எட்டு, கழுத்து. எனக்கு நீச்சல் தெரியாது. ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவனுக்கு யார் நீச்சல் சொல்லிக் கொடுப்பார்கள்? ஓர் அலை வந்து வாய்க்குள் புகுந்தது. இரண்டு வருஷமாக உப்புக்கு அலைந்தவனுக்கு ஒரே வாயில் ஒரு மாத உப்பு. இருமிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

புஷ்பவள்ளி கல்ராஜா மடியில் வசதியாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். வலது கையைத் தூக்கி, தெளிவாக, மங்களகரமாகச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

பன்னிரண்டு நாளாக நான் தவம் கிடந்த சொல். கழுத்தளவு தண்ணீரில் கிடைத்தது.

கரையிலே ஷம்சியா துணி காயப்போடுவது தெரிந்தது. "சம்பான்! சம்பான் கொண்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் கையை வாயருகே குவித்தாள்.

"சம்பான் தடா லா அண்ணே! அபாங் எடுத்துப் போச்சி, மீன் புடிக்க! ஆயிர் பாசாங் லா! சாந்தி வரைக்கும் உக்காரு!"

படகு இல்லை. படகை அவள் புருஷன் கொண்டுபோய்விட்டான். கடல் ஏறிவிட்டது, இறங்குகிறவரைக்கும் உட்காரு. இவ்வளவு மலாய் எனக்கே புரிந்தது. சாயங்காலம் என்பதை அவள் சாந்தி என்பாள். எனக்கு அன்று சாந்தி எங்கே இருந்தது?

நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்து கல்லுக்கு எதிரே நின்றேன்.

"நீ வேணும்னே செஞ்சியா?"

"வேணும்னேதான்."

"தண்ணி ஏறும்னு ஒனக்குத் தெரியுமா?"

"ஷம்சியாகிட்ட நாலு தடவ கேட்டேன். அமாவாசைக்குத்தான் பெரிய தண்ணி வருமாம். நீங்க ஒரு வாரத்துக்கு முன்னாடியே கூப்ட்டீங்க. அன்னைக்கு வந்திருந்தா முட்டிக்கால் தண்ணிதான், நீங்க ஓடியிருப்பீங்க."

"நாந்தானே கோட்டைக்குக் கூப்ட்டேன்! அதுவும் ஒன் வேலையா?"

"அது மட்டும் நீங்களாச் செஞ்சது. எனக்கு ஒங்கள எங்க கூட்டிட்டுப் போறதுன்னே தெரியாம இருந்துச்சு. மாரியாத்தா கண்ணத் தொறந்தா."

நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். எதிரே ஜெராய் மலை தெரிந்தது. அதற்குக் கீழே எங்கேயோ லோரி வந்து நிற்கும். என் பேரைக் கூப்பிடுவார்கள். என் மகளின் அரிசி அந்த லோரியோடு போகப்போகிறது. கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. அவள் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே எள் இல்லை. இரண்டு வேளைக்கு அவித்த கிழங்கு, ஒரு போத்தல் தண்ணீர், மிளகாய் அரைத்த கருவாட்டுச் சம்பால்.

"சாப்பிடுங்க."

"வேணாம்."

"கெழங்க சாப்பிடாட்டிப் போங்க. நான் சொல்றதக் கேளுங்க." அவள் குரல் மாறியிருந்தது. "முனியாண்டி பொண்டாட்டிக்குப் பத்தொம்போது வயசு. போன மாசம் பாத்தேன். 'அக்கா, நான் தாலிய வெச்சுக்கறதா, கழட்டுறதா'ன்னு என்னையக் கேட்டா. யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியாம என்னையக் கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அழகம்மா கெழங்கு தின்னே வளரட்டும். எறும்பு முட்டைன்னே சொல்லட்டும். அவளுக்கு அப்பன் இருக்கான். நான் அந்தப் புள்ள மாதிரி உக்காந்து யாரையும் கேக்க மாட்டேன்."

அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எனக்கும் எழுந்து வெளியே போக இடம் இல்லை, சுற்றிலும் கடல். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழங்கை எடுத்துத் தின்றேன். சம்பால் நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர் இறங்கி, சேற்றில் நடந்து, சைக்கிளை எடுத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. லயனுக்குள் நுழையும்போதே எனக்குக் கூச்சம். பத்துப் பேர் வீரர்களாகப் போய்விட்டார்கள், நான் ஒருவன் மட்டும் பெண்டாட்டியால் ஏமாந்து நிற்கிறேன் என்று நினைத்தேன். முருகையா வீட்டு வாசலில் ஒரு பெண் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். ராக்காயிதானே என்று, "தங்கச்சி, முருகையா நல்லபடியாக் கெளம்புனானா?" என்று கேட்டேன். முக்காடு விலகியது. முருகையா.

"என்னடா இது?"

"இருக்கறதே ஒரு வேட்டி அண்ணே. தொவச்சித் தர்றேன்னு காலைல வாங்குனா. இன்னும் தொவச்சிக்கிட்டே இருக்கா." சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "இதக் கட்டிக்கிட்டு எப்படி லோரி ஏறுவேன்?"

"மத்தவனுங்க?"

"இருளப்பன அவன் பொண்டாட்டி மருதம்மா காலைலயே வெளக்கெண்ண குடிக்க வெச்சுட்டா. இன்னும் கக்கூசுலதான் இருக்கான். கோடி வீட்டுக்காரன உள்ள வெச்சுப் பூட்டிட்டு சாவியக் கெணத்துல போட்டுட்டாளாம் அவ பொண்டாட்டி. மத்தவனுங்க கதையும் இப்படித்தான். எட்டுப் பேரு அண்ணே! கல்யாணம் கட்டுன எட்டுப் பேரும் இங்கதான் இருக்கோம்."

பத்து நாளாகத் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஏன் அவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிராணியார் வீட்டுக்கு ஓடினேன். லோரிக்காரர்கள் என்ன செய்தார்கள், நாளைக்கு நம்மைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். அவர் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"எட்டுப் பேருக்கும் மலேரியான்னு எழுதிட்டேன்," என்றார் மெதுவாக. "ஒரு அறையோட விட்டானுங்க."

"நீங்களா எழுதுனீங்க?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் மனைவி பிரேமாவதியம்மாள் அவர் கன்னத்துக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எழுதச் சொன்னாங்க," என்றார்.

அன்று லோரியில் மூன்று பேர் ஏறினார்கள். மூன்று பேரும் கல்யாணமாகாதவர்கள். வேட்டி துவைத்துத் தரவோ, விளக்கெண்ணெய் கொடுக்கவோ, கோட்டை பார்க்க வரவோ அவர்களுக்கு வீட்டில் யாரும் இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே போனார்களாம். எங்கள் எட்டுப் பேரைக் காப்பாற்றத் தெரிந்த பெண்கள், அந்த மூன்று பேரையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று புஷ்பவள்ளி பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். முனியாண்டி திரும்பி வரவே இல்லை. அவன் மட்டுமா? லூனாஸிலிருந்து போன இருபது பேரில் நான்கு பேர்தான் உயிரோடு வந்தார்கள்.

எங்கள் மூன்று பேரில் வந்தது ஒருவன். சின்னையா. ஜப்பான்காரன் போன பிறகு, ஒரு நாள் மத்தியானம் லயன் வாசலில் வந்து நின்றான். எலும்புக்கு மேலே தோல், தோலுக்கு மேலே சாக்கு. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. புஷ்பவள்ளிதான், "தம்பி!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அப்போது அரிசி வந்துவிட்டது. சோறு போட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்ல மெல்லச் சாப்பிட்டான். தட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் விரலால் எடுத்துத் தின்றான்.

மூன்று மாதத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. வெட்டுக்குப் போக ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, எனக்கு ஒரு பொண்ணு பாருங்க."

"பாத்துட்டாப் போச்சு. எப்படிப் பொண்ணு வேணும் தம்பி? செவப்பா?"

"செவப்பெல்லாம் வேணாங்க்கா. லயன்ல எல்லாரும் சொன்னாங்க, அண்ணன எப்படிக் கோட்டைல உக்கார வெச்சீங்கன்னு." கால் விரலால் தரையைக் கீறினான். "அந்த மாதிரி என்னையும் ஏமாத்திக் காப்பாத்துற மாதிரி ஒரு கெட்டிக்காரப் பொண்ணாப் பாருங்க."

புஷ்பவள்ளியைப் பெருமையோடு பார்த்தேன். எவ்வளவு பெரிய பட்டம் இது! அவளும் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"கெட்டிக்காரப் பொண்ணுக்கு என்ன பஞ்சம் தம்பி? கெடா பூராவும் இருக்குதுங்க," என்றாள். "இவரு அளவுக்கு ஏமாற ஒன்னால முடியுமான்னுதான் எனக்கு யோசனையா இருக்கு."